பற்றுப் பக்கத்தில் ஒரு அம்மா

அழவைத்த புத்தகத்தை இரண்டாவது முறை படிக்கக் கூடாது. இது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். போன மாதம் மீறிவிட்டேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

புத்தகத்தின் பெயர், தி ப்ரோக்கன் கார்ட். தமிழில் அறுந்த கொடி என்று வைத்துக்கொள்ளலாம். தொப்புள்கொடி. எழுதியவர் மைக்கேல் டோரிஸ். 1989ல் அமெரிக்காவில் வெளியாகி, அந்த வருடத்துக்கான தேசியப் புத்தக விமரிசகர் வட்ட விருதை வாங்கி, 1992ல் தொலைக்காட்சிப் படமாகவும் வந்துவிட்டது. என் கைக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு அட்டை இல்லை. திருவல்லிக்கேணி பிளாட்பாரக் கடை. கடைக்காரர் 60 ரூபாய் சொன்னார். நான் 20 சொன்னேன். பேரம் படிந்த இடம் 40. பிகாம் படித்தவன் கணக்கைச் சொல்லாமல் விடமாட்டான். மன்னிக்கவும்.

ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடியப் படித்தேன். முடிக்கும்போது கண்ணில் தண்ணீர். அடுத்த பத்து வருடங்கள் பார்த்தவர்களிடமெல்லாம் அந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்துகொண்டிருந்தேன். அந்தச் சிபாரிசை இப்போது பாதி வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. ஏன் பாதி என்று சொல்கிறேன்.

முதலில் கதை. டோரிஸ் ஒரு மானுடவியல் வாத்தியார். கல்யாணமாகாத பிரம்மச்சாரி. வயது 26. ஒரு குழந்தையைத் தத்தெடுக்க ஆசைப்பட்டார். கல்யாணமாகாத ஆண்பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பிள்ளை கொடுப்பார்கள்? ஆனால் கிடைத்தது. 1971ல், தெற்கு டகோடா மாநிலத்தில் இருந்து, லகோட்டா என்கிற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த மூன்று வயதுப் பையன். புத்தகத்தில் அவன் பெயர் ஆடம்.

மூன்று வயதுக்குரிய எடை இல்லை. சரியாகப் பேச்சு வரவில்லை. ஒன்றுக்கு, இரண்டுக்குச் சொல்லத் தெரியவில்லை. பையன் மந்தம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தார்கள். டோரிஸ் கேட்கவில்லை. நல்ல சாப்பாடு, நல்ல பள்ளிக்கூடம், நிறைய அன்பு. இது மூன்றும் இருந்தால் எந்தப் பிள்ளை தேறாது?

தேறவில்லை. வலிப்பு வந்தது. வருடங்கள் போயின. பணம் எண்ண வரவில்லை. கடிகாரம் பார்க்க வரவில்லை. இன்றைக்குக் கற்றுக்கொண்டது நாளைக்கு இருக்காது. குளிர்காலத்தில் ஸ்வெட்டர் போட வேண்டும் என்பதைக்கூட ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவுக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தோடு சண்டை போட்டார். டாக்டர்களோடு சண்டை போட்டார். இடையில் எழுத்தாளர் லூயிஸ் எர்ட்ரிக்கைக் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் பிள்ளைகள் பெருகினார்கள். ஆடம் மட்டும் அப்படியே இருந்தான்.

1980களின் தொடக்கத்தில், பைன் ரிட்ஜ் என்னும் பூர்வகுடிக் குடியிருப்புப் பகுதிக்கு ஒரு வேலையாகப் போகிறார் டோரிஸ். அங்கே போதை மீட்பு இல்லம் ஒன்றில் சில பையன்களைப் பார்க்கிறார். பார்த்த மாத்திரத்தில் சகலமும் ஆடிப்போகிறது. அத்தனை பேருக்கும் தன் மகனின் முகம். அதே சின்னக் கண்கள். அதே மெல்லிய மேலுதடு. அண்ணன் தம்பியெல்லாம் இல்லை. யாரோ, யாரோ பெற்ற பிள்ளைகள்.

புத்தகத்தின் ஆகச் சிறந்த இடம் இது. எந்தத் துப்பறியும் நாவலிலும் இப்படியொரு திருப்பத்தை நான் படித்ததில்லை.

அந்த முகத்துக்குப் பெயர் இருந்தது. 1968லேயே பிரான்ஸில் பால் லெமுவான் என்கிற டாக்டர், குடிப்பழக்கமுள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளைப் பரிசோதித்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரு டாக்டர்கள் தம் குழுவோடு அதையே தனியாகக் கண்டுபிடித்து, லான்செட் இதழில் எழுதி, பெயரும் வைத்தார்கள். ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம். கருவிலேயே மது தாக்கியதால் வரும் கோளாறு.

சங்கதி சிக்கலானதல்ல. கர்ப்பிணி குடிக்கும் மது, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போய்விடும். அம்மா ரத்தத்தில் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு குழந்தையின் ரத்தத்திலும். அம்மாவின் கல்லீரல் அதைச் சுத்தம் செய்துவிடும். குழந்தைக்குக் கல்லீரலே இன்னும் முழுசாக வேலை கற்றுக்கொள்ளவில்லை. பாவம், அது என்ன செய்யும்? முகம் உருவாகும் ஆரம்ப வாரங்களில் குடித்தால் முகத்தில் அடையாளம் தங்கும். மூளை பத்து மாதமும் வளர்கிறது. ஆகவே எப்போது குடித்தாலும் அதற்குச் சேதாரம் இருக்கலாம். முகத்தில் எந்த அடையாளமும் இல்லாமல், மூளையில் மட்டும் பாதிப்போடு பிறக்கும் பிள்ளைகள்தாம் அதிகம். இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஒயினா, பீரா, பிராந்தியா என்பதெல்லாம் பொருட்டே இல்லை.

ஆச்சா? இந்த விஞ்ஞானத்தைச் சாதாரண வாசகனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் டோரிஸின் புத்தகத்துக்கு இருக்கும் பங்கு மிகப் பெரியது. அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. சிபாரிசில் வாபஸ் வாங்காத பாதி அது.

மற்ற பாதிக்கு ஒரு டீச்சர் காரணம்.

சென்னைப் புறநகரில் சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறவர். ஒரு வேலையாகப் போனபோது அறிமுகமானார். வழக்கம்போல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். எப்படி மேடம் என்று கேட்டேன்.

“நல்லா இருக்கு சார். ஆனா இதுல அந்தப் பையனோட அம்மா எங்க?”

செத்துப் போயிட்டாங்களே மேடம் என்றேன். குடித்தே செத்தாள். மதுவே விஷமாகி இறந்தாள் என்று புத்தகத்தில் இருக்கிறது.

“அது தெரியும் சார். செத்ததச் சொல்லியிருக்காரு. வாழ்ந்தத எங்கயாச்சும் சொல்லியிருக்காரா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே தொடர்ந்து, தன் வகுப்பில் இருந்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். அம்மா கட்டட வேலை செய்கிறவர். டாக்டர் கேட்டார், கர்ப்பமா இருக்கும்போது ஏதாவது குடிச்சியாம்மா? சத்தியமா இல்லை என்று அழுதிருக்கிறார். இரண்டு வருடம் கழித்து ஒருநாள், பிள்ளையை அழைத்துப்போக வந்தபோது, வாசலில் வைத்து மெல்லச் சொல்லியிருக்கிறார். உடம்பு வலி தாங்காம அப்பப்ப குடிச்சேன் டீச்சர். அவருதான் வாங்கியாந்து குடுப்பாரு. அன்னிக்கே சொல்லியிருந்தா புள்ளைய என்கிட்டேருந்து பிடுங்கிட்டுப் போயிருப்பாங்க.

இரண்டு வருடம். டாக்டருக்குக் காரணம் தெரியாமல் போன இரண்டு வருடம். புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டு டீச்சர் போய்விட்டார். அதற்குப் பிறகும் பல காலம் அதைத் திறக்கவில்லை. போன மாதம்தான் திறந்தேன்.

இந்த முறை வேறு புத்தகமாக இருந்தது.

கணக்குப் பதிவியலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். எந்தப் பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கே அல்ல. டோரிஸ் ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறார். மகனின் ஒவ்வொரு நஷ்டமும் அம்மா என்கிற ஒரே தலைப்பில் பற்று வைக்கப்படுகிறது. அவள் எப்படி வளர்ந்தாள், யாரோடு இருந்தாள், யார் அவளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள், நிறுத்த நினைத்தபோது போய் நிற்க ஓர் ஆஸ்பத்திரி இருந்ததா? ஒரு பக்கமாவது எழுதியிருக்கலாம். ஒரு மானுடவியல் வாத்தியார் கேட்க வேண்டிய கேள்விகள் அவை. தகப்பனின் கோபம் வாத்தியாரின் வாயை அடைத்துவிட்டது.

கோபம் எவ்வளவு தூரம் போகிறதென்றால், கர்ப்ப காலத்தில் குடியை விடாத பெண்களைப் பிரசவம் வரை பிடித்து உள்ளே வைக்கலாம் என்கிற யோசனை வரை. முன்னுரை எழுதிய எர்ட்ரிக்கும் அந்த இடத்துக்குத்தான் வருகிறார். ஒரு காலத்தில் தானும் நிறையக் குடித்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, ஒரு பிள்ளையை ஆயுசுக்கும் சிறைப்படுத்துவதைவிடத் தான் ஒன்பது மாதம் சிறையில் இருப்பதே மேல் என்கிற பொருளில் எழுதுகிறார். நேர்மையான வரி. படிக்கிறபோது தலையாட்டத் தோன்றும். முதல் முறை நானும் ஆட்டினேன்.

பிடித்து உள்ளே போட்டால் என்ன ஆகும்? அமெரிக்கா இதைக் கிட்டத்தட்ட செய்து பார்த்தது. 1989ல் சார்ல்ஸ்டன் நகரத்துப் பொது மருத்துவமனை ஒன்றில், கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்களுக்குத் தெரியாமல் பரிசோதித்து, கோகெய்ன் இருந்தால் போலீசுக்குச் சொல்லும் திட்டம் ஆரம்பித்தார்கள். கைது நடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2001ல் அது அரசியல் சட்ட விரோதம் என்று தீர்ப்பாயிற்று. அங்குள்ள மகப்பேறு மருத்துவர்கள் சங்கமும் தண்டனை வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. காரணம், அந்தக் கட்டட வேலை அம்மா சொன்னதேதான். ஆஸ்பத்திரியில் போலீஸ் இருந்தால் பெண்கள் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டார்கள். வராதவளுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது?

சரி, புத்தகம் எழுதாமல் விட்ட வரவுப் பக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

பைன் ரிட்ஜ் பகுதிக்குள் மது விற்கக் கூடாது. சட்டப்படி தடை. ஆனால் எல்லைக்கோட்டைத் தாண்டினால், கூப்பிடு தூரத்தில், நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒயிட்க்ளே என்று ஒரு குக்கிராமம். ஜனத்தொகை ஒரு டஜன். பீர் கடைகள் நான்கு. விற்பனை, வருடத்துக்குச் சுமார் 40 லட்சம் கேன்கள். ஒருநாளைக்குப் பதினோராயிரம் என்று வருகிறது. பன்னிரண்டு பேர் குடித்துத் தீர்க்கக்கூடிய சரக்கா இது? யார் குடித்தார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியும். லைசென்ஸ் கொடுத்தவருக்குத் தெரியும். வரி வாங்கிய அரசாங்கத்துக்கும் தெரியும். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2017ல்தான் அந்த நான்கு கடைகளுக்கும் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தார்கள். கடைகள் மூடப்பட்டன.

அத்தனை வருடமும் ஒரு கடைக்காரரைக்கூட ஒன்பது மாதம் உள்ளே வைக்கலாம் என்று யாரும் யோசனை சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்து, அப்பா. இந்தப் புத்தகத்தில் ஆடமைப் பெற்ற தகப்பனைத் தேடினால் அம்மாவைவிட மோசம். ஆளே கிடையாது. கருவைச் சுமப்பவள் அவள், அவள் குடித்தால்தானே பிரச்னை என்று ரொம்ப காலம் விஞ்ஞானமும் நினைத்துக்கொண்டிருந்தது. 2023ல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து நடத்திய ஆய்வில், ஆண் எலி கருத்தரிப்புக்கு முன்னால் குடித்திருந்தாலே குட்டியின் முகத்தில் இதே மாதிரியான மாற்றங்கள் வந்திருக்கின்றன. எலிக்கு வந்தது மனிதனுக்கும் அப்படியே வரும் என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி வந்துவிட்டது. ஆண்கள் கொஞ்சம் நெளிந்து உட்காரலாம்.

மூன்றாவது குறை இன்னும் பெரிது. இந்தப் புத்தகத்தை முடிக்கும்போது இது பூர்வகுடிகளின் வியாதி என்று மனத்தில் பதிந்துவிடும். டோரிஸ் நேராக அப்படிச் சொல்லவில்லை. ஆனால் காட்டுகிற முகங்கள் எல்லாம் அவர்களுடையதாக இருந்தால் வாசகன் வேறென்ன நினைப்பான்? 2018ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. நாட்டின் வெவ்வேறு பக்கங்களில் நான்கு ஊர்களை எடுத்துக்கொண்டு, சாதாரணப் பள்ளிக்கூடங்களில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். குறைந்தபட்சக் கணக்கிலேயே நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பிள்ளைகள் வரை கருவில் மதுவால் பாதிக்கப்பட்டவர்கள். மொத்தம் 222 பேர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அவர்களில் ஏற்கெனவே இந்தப் பெயரால் அடையாளம் காணப்பட்டிருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டு.

மிச்சம் 220 பேரும் அதுவரை யாராக இருந்தார்கள்? சோம்பேறிகளாக. அடங்காத பிள்ளைகளாக. கணக்கு வராத மக்குகளாக. முகத்தை வைத்துத் தேடினால் இப்படித்தான். நம்மைப் போன்றவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் வருமா என்று டாக்டருக்கே கேட்கத் தோன்றாது.

நான்காவது, நம்பிக்கை. அல்லது அது இல்லாமை. அறுந்தது அறுந்ததுதான் என்கிற தொனி புத்தகம் முழுக்க ஒலிக்கிறது. மூளையில் ஏற்பட்ட சேதத்தை அழித்துச் சரிசெய்ய முடியாது, வாஸ்தவம். ஆனால் அதற்குப் பிறகு நடப்பதெல்லாமும் அப்படித்தானா? 1973 குழுவில் இருந்த ஆன் ஸ்ட்ரைஸ்கத், இப்படிப் பிறந்த 415 பேரைப் பற்றி 1996ல் ஓர் அறிக்கை கொடுத்தார். பன்னிரண்டு வயது தாண்டியவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் சட்டத்தோடு மோதியிருந்தார்கள். பயங்கரம்தான். ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது. ஆறு வயதுக்குள் பிரச்னை இன்னதென்று கண்டுபிடிக்கப்பட்டவர்களும், அடிதடி இல்லாத நிலையான வீட்டில் வளர்ந்தவர்களும் எவ்வளவோ தப்பித்திருந்தார்கள்.

அப்படியென்றால் ஆடமுக்கு அப்பா கொட்டிய அன்பு வீண் இல்லை. புத்தகம் எழுதியவருக்கே அது தெரியவில்லை என்பதுதான் இதிலுள்ள சோகம்.

தண்டனை வேண்டாமென்றால் வேறென்ன வழி என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்றொரு ஊர். பூர்வகுடிகள் அதிகம். குடியும் தற்கொலையும் ஊரைத் தின்றுகொண்டிருந்தன. 2007ல் அந்த ஊர்ப் பெண்கள் கூடிப் பேசினார்கள். ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். பொட்டலமாக வாங்கிக்கொண்டு போகும் கடுமையான மதுவை நிறுத்து என்று லைசென்ஸ் அதிகாரியிடம் மனுக் கொடுத்தார்கள். நிறுத்தினார்கள். ஊருக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. பெண்கள் அசரவில்லை. அடுத்து டாக்டர்களைத் தாங்களே அழைத்தார்கள். எங்கள் பிள்ளைகளைப் பரிசோதியுங்கள். திட்டத்துக்கு வைத்த பெயர், லிலில்வான். குட்டிப் பிள்ளைகள் எல்லோரும் என்று அர்த்தம்.

2002, 2003ல் பிறந்த பிள்ளைகளைப் பார்த்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பாதிப்பு. உலகத்திலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. அந்த அம்மாக்கள் உண்மையைச் சொன்னதால்தான் அந்த எண் கிடைத்தது. ஏன் சொன்னார்கள்? கேட்டவர்கள் கையில் விலங்கு இல்லை. பெயர் தெரிந்தால் பிள்ளைக்கு உதவி வரும் என்று தெரிந்திருந்தது. டோரிஸ் எழுதாமல் விட்ட அத்தியாயத்தை அந்த ஊர்ப் பெண்கள் வாழ்ந்து எழுதினார்கள் என்பேன்.

நம் ஊரிலா சார், பொம்பளைங்க குடிக்கிறாங்களா என்று யாராவது கேட்பீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், குடிப்பதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றே அதிகம். சின்ன எண்தான். ஆனால் இந்த தேசத்தின் ஜனத்தொகையோடு பெருக்கிப் பாருங்கள். தவிர, இது வீட்டு வாசலில் வந்து கேட்டவரிடம் சொல்லத் துணிந்தவர்களின் எண்ணிக்கை. அமெரிக்காவில் 1989 நவம்பர் முதல் ஒவ்வொரு பாட்டிலிலும் கட்டாயமாக்கப்பட்ட எச்சரிக்கையில் முதல் வாக்கியமே கர்ப்பிணிகளுக்கானது. வண்டி ஓட்டுவது அதற்குப் பிறகுதான். நம் நாட்டில் 2019 ஏப்ரலில் கட்டாயமான வாசகத்தில் உடல்நலம் இருந்தது, வண்டி ஓட்டுவது இருந்தது. கர்ப்பிணி இல்லை. இல்லாத பிரச்னைக்கு எதற்கு இடத்தை வீணாக்குவானேன் என்று நினைத்திருக்கலாம்.

இத்தனை குறை சொல்லிவிட்டு, புத்தகத்தைப் படிக்காதீர்கள் என்று முடிக்கப் போகிறேனா? இல்லை. படியுங்கள். அதிலும் கடைசி அத்தியாயத்தை அவசியம் படியுங்கள். அது டோரிஸ் எழுதியதல்ல. ஆடம் எழுதியது. தன் கதையைத் தானே, பிழைகளோடு, தட்டுத் தடுமாறி. அப்பா திருத்தாமல் அப்படியே அச்சிட்டார். அந்தப் பக்கங்களில் யார்மீதும் பழியில்லை. முந்நூறு பக்கம் அப்பா ஒரு பிரச்னையைப் பற்றி எழுதுகிறார். கடைசியில் பையன் வந்து, தான் ஓர் ஆள் என்று காட்டிவிட்டுப் போகிறான். முதல் முறை நான் அழுதது இங்கேதான். இரண்டாவது முறையும்.

1991ல் ஆடம் சாலையில் கார் மோதி இறந்துபோனான். 23 வயது. 1997ல் டோரிஸ் தற்கொலை செய்துகொண்டார். அப்போது அவர்மீது அவருடைய பிள்ளைகளின் தரப்பிலிருந்தே கொடுமைக் குற்றச்சாட்டு எழுந்து விசாரணை நடந்துகொண்டிருந்தது. அவர் மரணத்தோடு அது நின்றுபோனது. எந்த நீதிமன்றமும் எதையும் முடிவு செய்யவில்லை. நானும் செய்யப் போவதில்லை. ஓர் அம்மாவின் கதையைக் கேட்காமல் தீர்ப்பெழுதியது பிழை என்று இவ்வளவு நேரம் வாதாடிவிட்டு, அதே பிழையை அப்பாவுக்கு நான் செய்யக் கூடாதல்லவா?

இதைப் படிக்கிற யாராவது, கர்ப்பம் என்று தெரியாத நாள்களில் குடித்துவிட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கலாம். நிறுத்துங்கள். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அன்றிலிருந்து பிள்ளைக்கு லாபம்தான். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் குடிக்கிற பழக்கம் என்றால், தானாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அதையும் டாக்டர் உதவியோடுதான் செய்ய வேண்டும்.

அந்த டீச்சருக்குப் போன வாரம் போன் செய்தேன். மறுபடி படிச்சேன் மேடம், நீங்க சொன்னது சரி என்றேன். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். பஸ் நம்பர் பார்த்து ஏறக் கற்றுக்கொண்டுவிட்டானாம். சில்லறைக் கணக்குதான் இன்னும் வரவில்லையாம்.

“அம்மா தினம் அளவாச் சில்லறை எண்ணி, காகிதத்துல மடிச்சுக் குடுத்து அனுப்பறாங்க சார்” என்றார்.